தடத்தில் விதைத்த துவரை

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். எழுதினால் இரண்டு பேர் வாயும் அடைபடும். பத்தாவதோடு நின்ற கைதான், ஆனாலும் மகளிர் குழுவுக்கு இத்தனை வருஷமாகத் தீர்மானம் எழுதுகிற கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு முனையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. மாடு நன்றாக இருக்கிறது, கன்று நன்றாக இருக்கிறது, உங்கப்பாவும் நன்றாக இருக்கிறார். அவரைக் கேட்டால் இதே வரிசையில்தான் எழுதச் சொல்வார்.

ஆனி மாதம் நான் அங்கே வந்திருந்தபோது நீ என்னைக் காரில் வைத்து ஸ்காட்லாந்து மலைகளில் எட்டு நாள் சுற்றிக் காட்டினாயே, அப்போது ஒரு கேள்வி கேட்டாய். "சித்தப்பாவுக்குப் பத்திரிகை வெப்பியாம்மா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆட்டைப் பார்த்தேன். அங்கே ஆட்டுக்குப் பஞ்சமில்லை, அதனால் வெகுநேரம் பார்க்க முடிந்தது. நீ மறுபடி கேட்கவில்லை. பந்தக்கால் நடப் பங்காளி கை வேண்டும், உங்கப்பாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி, அந்தத் தம்பி வீட்டோடு நாம் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தை மாதம் பந்தக்காலில் உன் சித்தப்பா கை வைப்பாரா மாட்டாரா என்பதுதான் உன் கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நடுவில் தாவிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

முதலில் உனக்கு ஒரு நன்றி. அந்த எட்டு நாளில் நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராக இருந்தாலும் என்னை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். ஆட்டின் முதுகில் ஏன் நீலச் சாயம், பக்கத்து மலை ஆட்டுக்கு ஏன் சிவப்புச் சாயம் என்று கேட்டேன். அவரவர் ஆட்டுக்கு அவரவர் அடையாளம் என்றாய். அப்புறம்தான் எனக்கு அந்த ஊரோடு ஒட்டுதல் வந்தது. நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள். காரை அவர்களும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, ஆனால் ஒரு பயிர் கிடையாது. இவ்வளவு தண்ணீரையும் இவ்வளவு நிலத்தையும் வைத்துக்கொண்டு ஒரு கீரைப் பாத்திகூடப் போடாத ஜனங்கள் என்ன ஜனங்கள் என்று முதல் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். நீ வண்டியை நிறுத்தி, இறங்கி அந்த மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். கறுப்பாக, பஞ்சு மாதிரி, கால் வைத்தால் தண்ணீர் கசிந்தது. அந்த மண்ணில் கேழ்வரகு நட்டால் அழுகித்தான் போகும். தெரியாமல் திட்டிவிட்டேன் என்று அந்த மண்ணிடமே சொன்னேன், நீ சிரித்தாய்.

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு அடுக்கி வைத்திருந்தார்களே, அதை மறக்கவே முடியாது. கார் தடதடவென்று தாண்டிப் போகிறது, ஆடு மாட்டின் குளம்பு மட்டும் இடுக்கில் மாட்டும் என்பதால் அவை தாண்டுவதில்லை. கதவு இல்லை, காவல் இல்லை, முள் இல்லை. நான் இறங்கி ஒரு குழாயின்மேல் கால் வைத்துப் பார்த்தேன். மனிதனைப் போக விட்டு மாட்டை மட்டும் நிறுத்துகிற வேலியை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாமெல்லாம் மாட்டைப் போக விட்டு மனிதனை நிறுத்த அல்லவா வேலி போடுகிறோம் என்று அப்போது மனதில் ஓடியது. ஓடியதை அங்கேயே அமுக்கிவிட்டேன்.

அப்புறம் அந்த ஒற்றை ரோடு. போகவும் வரவும் ஒரே தடம், ஒரு கார் அகலம்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் ரோடு வயிறு தள்ளின மாதிரி அகலமாகும், பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை நிற்கும். எதிரில் வண்டி வந்தால் யாருக்கு அந்த இடம் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் ஒதுங்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். நம் பக்கத்து வத்தல்மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடுவது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஹாரன் உண்டு, கையை நீட்டி நாலு வார்த்தை உண்டு, சில சமயம் இறங்கியே பேசுவதும் உண்டு. அந்த ஊரில் சத்தமே இல்லை. ஒதுங்குகிறார்கள், போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குகிறார், முடிந்தது. யார் ஒதுங்குவது என்பதை இரண்டு பேரும் எப்போது, எப்படிப் பேசி முடிவு பண்ணுகிறார்கள் என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒரு விரல் மரியாதைக் குறைவாகப் பட்டதால் நான் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ஒரு தபால் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார், நினைவிருக்கிறதா? "அம்மா, கும்புடாத, ஆக்ஸிடென்ட் ஆயிடும்" என்று நீ கத்தினாய்.

நாலாம் நாள் அந்தப் பெரிய வண்டி வந்தது. வீட்டையே தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்த மாதிரி, ஜன்னலில் திரைச்சீலையெல்லாம் போட்டு. வளைவில் நேருக்கு நேர். அவர்களுக்குப் பின்னால் பத்தடியில் ஒதுங்குமிடம், நமக்குப் பின்னால் அரைப் பர்லாங்கில். அந்த வண்டி அசையாமல் நின்றது. நீ பின்னால் எடுக்கப் போனாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்குத்தானடா கிட்ட இருக்குது? அவனைப் போவச் சொல்லு."

"இருக்கட்டும்மா."

"காலையில இருந்து நீயேதான் போற. ஊருக்கெல்லாம் நீ ஒருத்தன்தான் இளிச்சவாயனா? நில்லு சொல்றேன். எத்தன நேரம் நிப்பான்னு பாத்துடலாம்."

நீ ரிவர்ஸ் கியரைப் போட்டாய். வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையை என் சீட்டின்மேல் போட்டு, திரும்பிப் பார்த்து, அந்தப் பாம்பு ரோட்டில் அரைப் பர்லாங்கும் பின்னாலேயே கொண்டுபோய், ஒரே திருப்பில் ஒதுக்கி நிறுத்தினாய். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சேறு. சக்கரம் ஒரு பக்கமும் உரசவில்லை. கோபத்தோடு கோபமாக எனக்குப் பெருமையும் வந்து தொலைத்தது. "இப்படிப் பின்னாடி எடுக்க எந்த டிரைவிங் ஸ்கூல்லடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

நீ ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய். "சித்தப்பாம்மா. டிராக்டர்ல டிரெய்லர மாட்டி, நம்ம தடத்துல, கெணத்துல இருந்து மெயின் ரோடு வரைக்கும் பின்னாலயே ஓட்ட வெப்பாரு. டிரெய்லர் வலது பக்கம் போவணும்னா ஸ்டீயரிங்க இடது பக்கம் ஒடிக்கணும். செடி மேல ஏத்தினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பத்தாவது லீவு பூரா அதுதான்."

அதன் பிறகுதான் பத்திரிகை வைப்பாயா என்று கேட்டாய். நான் ஆட்டைப் பார்த்தேன்.

அன்று மதியம் ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் அதே பெரிய வண்டி நின்றிருந்தது. ஓட்டி வந்தவனைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், நீ மொழிபெயர்க்க வேண்டும் என்று இறங்கினேன். இறங்கியது என் வயசுக்கும் மேல் ஆன ஒரு அம்மாள். வெள்ளை முடி, சிவப்பு மழைக்கோட்டு. நம்மைப் பார்த்ததும் அவரே ஓடி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு டப்பாவிலிருந்து எலுமிச்சைக் கேக் எடுத்து எனக்கு ஒரு துண்டு, உனக்கு இரண்டு துண்டு கொடுத்தார். நீ மொழிபெயர்த்தாய்.

"அவங்களுக்குப் பின்னாடி எடுக்கத் தெரியாதாம்மா. வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவருதான் ஓட்டுனாராம். அவரு போன பிறகு, வண்டி சும்மா நிக்குதேன்னு இவங்களே எடுத்துக்கிட்டு வந்துட்டாங்களாம்."

"பின்னாடி எடுக்கத் தெரியாதவங்க இந்த ரோட்டுக்கு எந்தத் தைரியத்துல வந்தாங்கன்னு கேளு."

நீ கேட்டாய். அந்த அம்மாள் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

"எதிர்ல வர்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லன்னு சொல்றாங்கம்மா."

கேக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எதிரில் வருகிறவன் ஒதுங்குவான் என்று நம்பி ஒருத்தி வண்டி எடுக்கிறாள். நானும் எதிரில் இருக்கிறவனின் குணத்தை நம்பித்தான் ஒன்பது வருஷம் ஓட்டினேன். அவள் நம்பியதற்கும் நான் நம்பியதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் உண்மை.

உனக்கு முழுசாகத் தெரியாததை இப்போது எழுதுகிறேன். சண்டை வந்தது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த வருஷம். அதற்கு முன்பே பாகம் பிரித்தபோது, மெயின் ரோட்டுக்குப் போகிற வண்டித் தடம் நம் பங்கில் விழுந்தது. "தடம் ரெண்டு பேருக்கும் பொது" என்று உன் தாத்தா வாயால் சொன்னார், பத்திரத்தில் ஏற்றவில்லை. அதுவரை யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ஒரு நாள் நான் கேழ்வரகைத் தடத்தில் கொட்டிக் காய வைத்திருந்தேன். உன் சித்தப்பா கரும்பு லோடோடு திருப்பத்தில் வந்தவர் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். உடனே இறங்கி, துண்டை விரித்து, மண்ணோடு கலந்ததைக் கையால் வாரினார். "தப்பாயிடுச்சுங்க அண்ணி" என்று பத்து தரம் சொன்னார். அதோடு போயிருக்க வேண்டியது. உன் சித்தி பின்னால் வந்து, "தடத்துல காயவெச்சா வண்டி ஏறாம இன்னா பண்ணும்?" என்றாள். நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. "என் நெலம், நான் காயவெப்பேன், நாத்தும் விடுவேன்" என்றேன்.

சொன்னபடி செய்தேன். முள் வெட்டிப் போட்டிருந்தால் அவர் தள்ளிவிட்டுப் போயிருப்பார். கல் நட்டிருந்தால் பிடுங்கியிருப்பார். உன் சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததுபோல உன் சித்திக்குக்கூடத் தெரியாது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அரும்பு மீசை. பச்சைப் பயிரை மிதிப்பது பெற்றவளை மிதிப்பது மாதிரி என்று நினைக்கிற ஆள். வரப்பில் தானாக முளைத்த ஒற்றைத் தக்காளிச் செடிக்காக ஏரை நிறுத்தி வளைத்து ஓட்டுவார். அதனால் தடத்தை உழுது துவரையை விதைத்தேன். முளைத்து நாலு இலை விட்டதும் தடம் மூடிவிட்டது. அவர் டிராக்டரோடு வந்தார், துவரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார். ஒரு செடி ஒடியவில்லை.

துவரை தையில் முடியும், உடனே குச்சிக்கிழங்கு நட்டுவிடுவேன். அது பத்து மாசம் நிற்கும். அப்புறம் அவரை, மறுபடி துவரை. ஒன்பது வருஷத்தில் ஒரு வாரம்கூட அந்தத் தடத்தை நான் வெறுமையாக விட்டதில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேச வந்தபோது "பத்திரத்துல காட்டுங்க" என்றேன். லாரி போக வழியில்லாததால் அவர்கள் கரும்பை விட்டுவிட்டார்கள். தலையில் சுமக்க முடிந்ததை மட்டும் பயிர் செய்தார்கள். சாமந்திப் பூவைக் கூடையில் வைத்து, ஏரிக்கரை சுற்றி, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் பின்னால் ஒருவராகக் காலையில் போவதை நான் கிணற்று மேட்டில் நின்று பார்ப்பேன். எனக்கு அது இனிப்பாக இருந்தது, கண்ணு. மறைக்க ஒன்றுமில்லை. வேலை கிடைத்த முதல் லீவில் நீ அவருக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாய். "அங்க போனா இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உங்கப்பாவைக் குறை சொல்லாதே. அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார், இரண்டு தடவையும் நான் அடைத்தேன். பங்காளிக் காய்ச்சல் என்று ஊர் சொன்னது. பங்காளிகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் எனக்குத்தான்.

இதில் எது பெரிய தப்பு என்று மிச்ச நாளெல்லாம் அந்த ஒற்றை ரோட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். தடத்தை அடைத்ததுகூட இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஒரே நாளில் டிராக்டரை ஏற்றி நசுக்கியிருப்பார், சண்டை அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் நல்லவர் என்று தெரிந்து, அந்த நல்ல குணத்தையே எடுத்து அவருக்கு எதிரே வேலியாக நட்டேன். நீ கட்டிக்கப் போகிறவளோடு வாழ ஆரம்பித்தால் ஒரு வருஷத்தில் உனக்குத் தெரிந்துவிடும், அவளுக்கு எது மனசு வராது, எதை அவள் செய்யவே மாட்டாள் என்று. குரலை உயர்த்த மாட்டாளோ, பசியோடு யாரையும் அனுப்ப மாட்டாளோ, எனக்குத் தெரியாது. சண்டை வரும்போது அந்த இடத்தில் மட்டும் விதைக்காதே. அவளும் உன்னிடம் விதைக்காமல் இருக்கட்டும். கல்யாணத்துக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சொந்தக்காரப் பெண்கள் மேடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு வந்த நான் ஊருக்கு வந்ததும் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? ஆடி பிறந்தது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொல்லி வைத்திருக்கிறார்களே. தடத்தை உழுது மறுபடி துவரையைத்தான் விதைத்தேன். படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், வரட்டும். கை பழகிவிட்டது. விதைத்து முடித்துவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். அந்தச் சிவப்புக் கோட்டு அம்மாள் நினைவு வந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விதைத்ததைக் கிளறவில்லை. முளைத்தது, வளர்ந்தது, இந்தக் கார்த்திகையில் இடுப்பு உயரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாகத் துவரை வந்ததே இல்லை.

நேற்றுப் பத்திரிகைக் கட்டு வந்ததும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் எடுத்து வைத்து உன் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினேன். செருப்பு மாட்டிய பிறகு கால் நகரவில்லை. வழியை அடைத்து வைத்துக்கொண்டு வா என்று எந்த வாயால் கூப்பிடுவது? தட்டை இறக்கி வைத்துவிட்டேன். இன்று காலை பால் கறந்து முடித்ததும் கருக்கரிவாளை எடுத்தேன். உங்கப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் பதறிவிட்டார்.

"ஏ புள்ள, பூவெடுத்த பயிரு. பொங்கல் கழிச்சு அறுத்துட்டு விட்டா போச்சு. பாவத்தத் தேடிக்காத."

"பொங்கலுக்குள்ள எனக்கு மனசு மாறிடும். என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்கு நன்றாகத் தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

துவரைத் தண்டு இந்தப் பருவத்தில் விறகு மாதிரி இருக்கும். முதல் செடிக்கு நாலு வெட்டு வேண்டியிருந்தது. பூவெல்லாம் உதிர்ந்து என் கால்மேல் விழுந்தது. நாமும் பயிர் வைத்துப் பிழைக்கிறவர்கள்தானே, எனக்கு மட்டும் அது பாவமாக இருக்காதா? இரண்டாவது, மூன்றாவது என்று வெட்டிக்கொண்டே போனேன். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மறுமுனை வரை வழி பிறந்தபோது ஏரிக்கரையிலிருந்து சத்தம் கேட்டது.

"அண்ணி! அண்ணி! நிறுத்துங்க!"

உன் சித்தப்பா. சாமந்திக் கூடையைக் கரைமேலேயே இறக்கி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பு வழியாக ஓடி வந்தார். ஒன்பது வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஏதோ குழந்தை கிணற்றில் விழுந்துவிட்ட மாதிரி ஓடி வந்தார். மூச்சு வாங்க என் எதிரில் நின்று, கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா காரியம் பண்றீங்க? பூ வெச்ச செடிங்க இது."

"தடம் விடறேன் தம்பி."

"இப்ப யாருங்க கேட்டாங்க தடம்?"

"பையனுக்குத் தையில கல்யாணம். பந்தக்காலுக்கு நீங்க வரணும். வழிய அடைச்சு வெச்சுக்கிட்டு எப்புடித் தம்பி கூப்புடறது?"

அவர் குனிந்து, வெட்டிப் போட்ட செடி ஒன்றை எடுத்துப் பார்த்தார். பூவைத் தொட்டுப் பார்த்தார். அதை மெதுவாக வரப்பின்மேல் வைத்தார்.

"நிக்கட்டும் விடுங்க. காய் புடிச்சு முத்தட்டும். ஒம்பது வருசம் சுத்திப் போனவனுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஒண்ணும் பெருசில்லீங்க அண்ணி."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாமியார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலும் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ நம் காரைப் பற்றிய பேச்சு. "உங்க பையன் வெளிநாட்டு மலை ரோட்டுல அரைப் பர்லாங்கு பின்னாலயே வண்டிய எடுத்தான் தம்பி. எங்கடா கத்துக்கிட்டேன்னேன். எங்க சித்தப்பா சொல்லிக் குடுத்ததுன்னான்."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம், "சேத்துல எறக்கலயே?" என்று கேட்டார்.

"உரசக்கூட இல்ல."

"ம்." அரிவாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சாயங்காலம் தட்டத் தூக்கிக்கிட்டு வூட்டுக்கு வாங்க. அவ லேசுல வாங்க மாட்டா. கத்துவா."

"கத்தட்டும் தம்பி. கேட்டுக்கறேன்."

"எதுத்து ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

சொல்லாமல் இருப்பேனா என்று எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் போவதற்கு முன்பே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பீரோவில் இருந்த சட்டையையும் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மடிப்புக் கலையவில்லை. உன் சித்தி தட்டை வாங்கினாலும் சரி, என் தலையில் கவிழ்த்தாலும் சரி, அவளுக்கு இரண்டுக்கும் உரிமை உண்டு. கடிதம் கிடைத்த வாரமே ஞாயிற்றுக்கிழமை நீ அவளுக்குப் போன் பண்ணு. என்னைப் பற்றி எதுவும் பேசாதே, அவளைப் பற்றி மட்டும் கேள்.

காலையில் கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பா திரும்பிக் கரைக்குப் போய்க் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். வழக்கம்போல ஏரியைச் சுற்றித்தான் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து, நான் வெட்டிய அந்தச் சந்து வழியாக நுழைந்தார். இரண்டு பக்கமும் துவரைப் பூ, நடுவில் ஒரு ஆள் இடம். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பூகூட உதிராதபடி உடம்பை ஒருக்களித்து ஒருக்களித்துப் போனார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பாமலேயே உரக்கக் கேட்டார்.

"பந்தக்காலு காத்தால எத்தன மணிக்கு அண்ணி?"

அம்மா